பளிச்சக்காவின் மூன்றாவது உருளை

கழுவிய தட்டை மறுபடி கழுவுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கழுவித் துடைத்து அடுக்கிவைத்த தட்டை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இது யார் கழுவினது?" என்று வீட்டையே நிறுத்தி விசாரிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்கு ஒரு தலைவி வேண்டுமென்றால் பளிச்சக்கா போட்டியே இல்லாமல் ஜெயித்துவிடுவாள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் பளிச்சக்காதான். அந்தப் பட்டத்தில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அவள் பார்த்த வேலைக்கு அந்தக் குணம் பொருத்தம்தான். அங்கே செய்வது கம்பி. வேலி போடுகிற கம்பியும் இல்லை, துணி காயப்போடுகிற கம்பியும் இல்லை, மீக்கடத்திக் கம்பி. நையோபியமும் டைட்டானியமும் கலந்த உலோகக் குச்சிக்குச் செம்பால் சட்டை போட்டு, பென்சில் மாதிரி ஆறு பட்டையாக்கி வைத்திருப்பார்கள். அப்படி நூற்றுக்கணக்கான குச்சிகளை ஒரு செம்பு உருளைக்குள் இடைவெளி இல்லாமல், தேன்கூடு போல அடுக்க வேண்டும். பிறகு காற்றை உறிஞ்சி மூடியைப் பற்றவைத்து, சூடாக்கி, ராட்சத யந்திரத்தில் பிதுக்கி, ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியாக இழுத்துக்கொண்டே போனால், ஆள் உயர உருளை கடைசியில் தையல் ஊசி கனத்துக்குக் கம்பியாகிவிடும். உள்ளே வைத்த ஒவ்வொரு குச்சியும் அந்தக் கம்பிக்குள் தலைமுடியைவிட மெல்லிய இழையாக, முழு நீளத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். திரவ ஹீலியத்தின் குளிரில் அதை வைத்தால் மின்சாரம் துளி நஷ்டம் இல்லாமல், துளி சூடு இல்லாமல் போகும். தடை பூஜ்யம்.

இதில் குச்சி அடுக்குவது பளிச்சக்கா. கம்பி இழுப்பது அவள் கணவர். அவருக்குத் தொழிற்சாலையில் கம்பியார் என்று பெயர். உலகத்தில் கம்பி நீட்டுகிறவன் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடுகிறவன். இவரோ நின்ற இடத்தை விட்டு நகராமல் நாள் முழுக்க கம்பி நீட்டுகிறவர்.

"அம்மாவும் அப்பாவும் மாஞ்சு மாஞ்சு உழைச்சு சைபர் வாங்கறாங்க, அதுக்கு எல்லாரும் கை தட்டறாங்க. நான் கணக்குல ஒரே ஒரு தடவை வாங்கினேன், வீடே ரெண்டாச்சு" என்பாள் மகள். அவள் வாய் அப்படி. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் பளிச்சக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

கம்பி அறுந்தால் மட்டும் வீட்டில் வழக்கு நடக்கும். அடுக்கியதில் கோளாறு என்பார் கம்பியார். இழுத்ததில் அவசரம் என்பாள் பளிச்சக்கா. தீர்ப்பு சொல்ல வேண்டிய மகள் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

இப்போது வந்திருந்த வழக்கு விளையாட்டு இல்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெரிய காந்தம் கட்டுகிறார்கள். அதன் நடுச் சுருளுக்கு ஒரே நீளத்தில், நடுவில் ஒட்டுப்போடாத கம்பி வேண்டும். சாதாரண செம்புக் கம்பி என்றால் அறுந்த இடத்தில் ஒட்டிவிட்டு மேலே பார்க்கலாம். இதில் ஒட்டு விழுந்த இடத்தில் சூடு பிறக்கும். அந்த இடத்தில் பிறந்த சூடு காந்தத்தையே படுக்க வைத்துவிடும். முதல் உருளை மூடியைப் பற்றவைத்த இடத்தில் கீறல் விட்டு, பாதி இழுவையில் அறுந்தது. சரி, மூடி போட்டவர் தலை குனிந்தார், சரி செய்தார். இரண்டாவது உருளையும் அறுந்தது. மூடியில் ஒரு குறையும் இல்லை.

மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "மூணாவது உருளைதான் கடைசி. அதுவும் அறுந்தா, அடுக்கி முடிச்ச உருளையையே வெளியில வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. அடுக்கு அறையை மூடிடுவோம். அக்கா, நீங்க பேக்கிங் பக்கம் போக வேண்டியிருக்கும்" என்றார்.

பேக்கிங்! கம்பியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள், அதன் மேல் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டு உட்கார்வதா? அந்த அறையின் ஒவ்வொரு மூலையும் அவளுடையது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளியே போன அத்தனை கம்பிக்குள்ளும் இருக்கிற அத்தனை இழையும் அவள் கையுறை பட்டுப் போனவை.

இரண்டாவது உருளை ஏன் அறுந்தது என்று பார்க்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். லேப் மேடம் அறுந்த முனையை மெருகேற்றி நுண்ணோக்கியில் எடுத்த படத்தைச் சுவரில் காட்டினாள். வயதில் சின்னவள், பொறுமைசாலி, வார்த்தையை அளந்து பேசுகிறவள்.

"இந்த ரெண்டு இழைக்கு நடுவுல கறுப்பா ஒரு கோடு இருக்கு பாருங்க. கரி. உள்ளே ஏதோ இருந்து, சூட்டுல கருகியிருக்கு. அதனால செம்பும் செம்பும் அந்த இடத்துல ஒட்டவே இல்ல. இழுக்க இழுக்க அது பிளந்துடுச்சு. இது ஒரு இடத்துல மட்டும் இல்ல, பல இடத்துல இருக்கு."

"என்ன பொருள் அது?" என்று கேட்டார் மேலாளர்.

"எண்ணெயா இருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம். கரியான பிறகு முகம் தெரியாது."

எண்ணெய் என்ற வார்த்தை விழுந்ததும் எல்லாக் கண்களும் புளிப்பண்ணன் பக்கம் திரும்பின. குச்சிகளை அமிலத்தில் முக்கி, எண்ணெய் போக்கி, தண்ணீரில் அலசி, காயவைத்து, பையில் மூடி அடுக்கு அறைக்கு அனுப்புவது அவர் வேலை. அமிலத்தோடு பழகிப் பழகி முகமும் அப்படியே ஆகிவிட்டதால் அந்தப் பெயர். பேசுவது கம்மி.

எல்லோரும் பார்க்கத்தான் பார்த்தார்கள். பேசியது பளிச்சக்கா.

"நான் அப்பவே சொன்னேன். பையைப் பிரிச்சாலே குச்சியில கறை கறையா இருக்கு. கழுவறேன் கழுவறேன்னு பேர் பண்ணினா இப்படித்தான். ஒருத்தர் ஏனோதானோன்னு வேலை பார்க்கறதுக்கு நான் ஏன் என் அறையை இழக்கணும்?"

புளிப்பண்ணன் எழுந்து நின்றார். "தண்ணி காய்ஞ்ச நிறம்மா அது. எண்ணெய் இல்ல" என்றார். அதை அன்றைக்கு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுவும் வேலைக்கு வேறு ஆள் போடலாம் என்று முடிவாயிற்று. அவர் அமில அறைக்குப் போய் ரப்பர் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்ததைப் பளிச்சக்கா பார்த்தாள். ஜெயித்தவளுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டில் பாத்திரம் கழுவும் முறை கம்பியாருடையது. கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பளிச்சக்கா போனாள், ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தாள், தோளில் கிடந்த துணியால் துடைத்தாள்.

"நான் கழுவினதையே திரும்பத் துடைக்கறதுக்கு என்னை எதுக்கு கழுவச் சொல்ற?" என்றார் அவர் வழக்கம்போல.

"நீங்க கழுவற லட்சணத்துக்கு" என்று அவளும் வழக்கம்போல ஆரம்பித்து, டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் பிசிறு. துணியால் அதைத் துடைத்தாள். அது போயிற்று, பக்கத்தில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது.

பளிச்சக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

முதல் உருளை அறுந்த பிறகு அவள் என்ன செய்தாள்? யாரும் தன் மேல் விரல் நீட்டிவிடக் கூடாது என்று, இரண்டாவது உருளைக்கு வந்த ஒவ்வொரு குச்சியையும், பையிலிருந்து எடுத்ததும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். பையைப் பிரித்தால் எடுத்து வைக்க மட்டும்தான் வேண்டும் என்பது விதி. விதி சோம்பேறிகளுக்கு என்பது அவள் எண்ணம். ஒரு குச்சியைக்கூட விடவில்லை. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"ஏங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "கழுவினவர் மேல தப்பில்ல. துடைச்சவ மேலதான்."

கம்பியார் எழுந்து வந்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். வழக்கில் தான் ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதற்காகவே அந்த மனிதரைப் பாராட்டலாம்.

"இப்ப என்ன? மூணாவதுல துடைக்காம அடுக்கிடு. காரியம் முடிஞ்சுது. வெளியே சொன்னா உன்னை அந்த அறைக்குள்ளயே விட மாட்டாங்க."

"அண்ணன்?"

அவர் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"நான் போட்ட பழியில அவர் கையுறையைக் கழற்றி மாட்டிட்டுப் போனாரு. அந்த ஆணியைப் பார்த்துட்டே நான் எப்படிங்க அடுக்குவேன்?"

மறுநாள் காலையில் அவள் தன் துணியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக லேப் மேடத்திடம் போனாள். மேடம் ஒரு பிசிறை எடுத்து, ஒரு துண்டு செம்பில் வைத்து, அழுத்திச் சூடாக்கிப் பார்த்தாள். சுவரில் பார்த்த மாதிரியே கறுப்புக் கோடு. பளிச்சக்கா அதைப் பார்த்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள். புளிப்பண்ணனையும், முந்தின நாள் கூடியிருந்த எல்லோரையும் கூப்பிடச் சொன்னாள்.

"நேத்து எத்தனை பேர் முன்னால பேசினேனோ அத்தனை பேர் முன்னால இதையும் சொல்றேன். கம்பி என்னாலதான் அறுந்துச்சு. அண்ணன் கழுவினது சுத்தம். நான்தான் சுத்தத்தை மறுபடி சுத்தம் பண்ணி அழுக்காக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொன்னதுக்கு சந்தோஷம்க்கா. ஆனா இதுக்கப்புறம் மூணாவதை உங்களை நம்பி எப்படிக் கொடுக்கறது? மேலே கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

வாய் என்றால் வாய் என்று பேர் வாங்கியவள், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போது புளிப்பண்ணன் வாயைத் திறந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"வேற யாரு அடுக்குவா? வெளியில இருந்து வர்றவனுக்கு இந்தக் குச்சி எது, சட்டை எதுன்னு தெரியுமா? நான் கழுவறேன். தங்கச்சி அடுக்கட்டும். ஒரே ஒரு கண்டிஷன். துணி உள்ளே போகக் கூடாது."

பளிச்சக்கா கையிலிருந்த பையைத் துணியோடு அப்படியே அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பிறகு போய் ஆணியிலிருந்த கையுறையை எடுத்து மாட்டினார்.

மூன்றாவது உருளை அடுக்கிய கதையைச் சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். ஒரு பெண்பிள்ளை நாள் கணக்கில் ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான் அந்தக் கதை. பையைப் பிரிப்பாள். குச்சியில் தண்ணீர் காய்ந்த மங்கல் நிறம் இருக்கும். அதைப் பார்த்ததும் விரல் துடிக்கும், பல் கூசும், மூக்கு அரிக்கும். மூக்கைச் சொறியவும் வழியில்லை. முகமூடி, கையுறை, தலைக்கு உறை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மூச்சை இழுத்து விடுவாள். துடிப்பு அடங்கியதும் கையை முன்னால் கொண்டுவந்து, குச்சியை எடுத்து, பட்டையோடு பட்டை பொருந்த வைத்துவிட்டு, மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பயிற்சிப் பெண்கள், இது ஏதோ புது முறை போலிருக்கிறது என்று தாங்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

வேலை கஷ்டமாக இருந்தால் சமாளித்துவிடலாம். செய்யத் தெரிந்த வேலையைச் செய்யாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம் என்று பளிச்சக்கா அங்கே கற்றுக்கொண்டாள். கடைசிக் குச்சி உள்ளே இறங்கியபோது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு இறுக்கம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை, அதுவும் விதிக்கு விரோதம்.

மூடி பற்றவைத்தார்கள், பிதுக்கினார்கள். பிறகு கம்பியார் கைக்கு வந்தது. இழுத்து, உலையில் வைத்து, மறுபடி இழுத்து, துளை சின்னதாகச் சின்னதாக உருளை கழியாகி, கழி கம்பியாயிற்று. அந்த வாரங்களில் வீட்டில் யாரும் வழக்கு நடத்தவில்லை. "இன்னிக்கு?" என்று அவள் கேட்பாள். "இருக்கு" என்பார் அவர். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேசப் பயம்.

கடைசித் துளையில் இழுத்த நாள் நல்ல வெயில். வேலை இல்லாதவர்களும் வேலை இருக்கிறவர்களும் இழுவைக் கூடத்தில் நின்றார்கள். கம்பியார் யந்திரத்தின் மேல் ஒரு கை வைத்தபடி நின்றார். கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் சுற்றுக்கட்டையில் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பளிச்சக்கா சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது உருளை அறுந்த நீளத்தைக் கம்பி தாண்டியபோது யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

திடீரென்று யந்திரம் நின்றது.

அறுந்தால் அது அப்படித்தான் நிற்கும். பளிச்சக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். அட்டைப்பெட்டிகள் அவள் கண் முன்னால் வரிசையாக வந்தன.

கம்பியார் குனிந்து துளையைப் பார்த்தார். சுற்றுக்கட்டையைப் பார்த்தார். கம்பியை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. பிறகு நிமிர்ந்து, மெதுவாகத் திரும்பி, ஓரமாக நின்றிருந்த மேலாளரைப் பார்த்தார்.

"சார், தடுப்புக் கதவுல சாயாதீங்க. கதவு திறந்தா மெஷின் தானா நின்னுடும்."

மேலாளர் சுட்டது மாதிரி துள்ளி விலகினார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. மேலாளரும் சேர்ந்து சிரித்தார், அவருக்கு வேறு வழியில்லை. கம்பியார் கதவைச் சாத்தி, கம்பியை மெல்ல மெல்ல நகர்த்தி, பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார். அவர் காது ஓரம் வியர்வை ஓடியது பளிச்சக்காவுக்கு மட்டும் தெரிந்தது.

பிறகு அது வந்தது. கம்பியின் வால். துளைக்குள் நுழைந்து மறு பக்கம் வந்து, சுற்றுக்கட்டையின் மேல் டப் டப்பென்று அடித்துக்கொண்டு ஓய்ந்தது. முழு நீளம். ஒரு ஒட்டு இல்லை, ஒரு பிளவு இல்லை. கம்பியார் வாலில் ஒரு துண்டை வெட்டி லேப் மேடத்திடம் கொடுத்தார். இன்னொரு துண்டைப் புளிப்பண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு அமில அறைக்குப் போனார்.

லேப் மேடம் ஹீலியத்தில் இறக்கிப் பார்த்த முடிவு மறுநாள் வந்தது. கேட்ட அளவுக்கு மின்சாரம் ஏற்றினார்கள், அதற்கு மேலேயும் ஏற்றினார்கள். வார்த்தையை அளந்து பேசுகிற மேடம் அன்றைக்கு அளக்க மறந்து போய், வராந்தாவில் ஓடிவந்தே சொன்னாள். "அக்கா! பூஜ்யம்! சுத்தமான பூஜ்யம்!" பளிச்சக்கா உடனே மகளுக்குப் போன் போட்டாள். "சைபர் வாங்கிட்டோம்டீ" என்றாள். அந்தப் பக்கம் மகள் வகுப்பில் இருக்கிறோம் என்பதையும் மறந்து கத்தினாள்.

அடுக்கு அறை இருக்கும் என்று மேலாளர் வந்து சொன்னார். அடுத்த காந்தத்துக்கும் இவர்களிடமே கேட்டிருக்கிறார்களாம். அவள் தலையாட்டினாள். அப்போது புளிப்பண்ணன் அமில அறை வாசலில் நின்று, வா என்று விரலை அசைத்தார்.

உள்ளே மேஜை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அமிலம் நீலமாகியிருந்தது, செம்பு முழுக்கக் கரைந்துபோயிருந்தது. அவர் இடுக்கியால் எதையோ தூக்கினார். தண்ணீரில் அலசினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். ஒரே ஒரு கம்பித் துண்டாகப் போனது, சாம்பல் நிறத்தில், சின்னக் குழந்தையின் உச்சிமுடி போல ஒரு கற்றையாக விரிந்து நின்றது. நூற்றுக்கணக்கான இழைகள். வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது.

"நீ வச்ச குச்சிங்க" என்றார். "லேப்புல எண்ணிப் பார்த்துட்டாங்க. ஒண்ணு குறையல."

பளிச்சக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அடுக்கியிருக்கிறாள். உருளைக்குள் போனதை அவள் மறுபடி பார்த்ததே இல்லை. இப்போது அத்தனையும் திரும்பி வந்து, எந்தக் குறையும் இல்லாமல், அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. நான் வைத்தது, என்று நினைத்தாள். நானும் அண்ணனும் அவரும். உலகத்தில் எந்தக் காந்தம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், அதன் வயிற்றில் இருப்பது இது.

"நீங்க கழுவினதுண்ணே" என்றாள் கடைசியில். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னால..."

"அதெல்லாம் கரைஞ்சு போச்சு, விடு" என்றார் அவர். "இந்தா, வாங்கிக்கோ. துடைச்சு மட்டும் வச்சிடாத."

இத்தனை நாள் கட்டியே பழகியதால் அவள் கைகள் அப்போதும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. அவள் அவற்றை அவிழ்த்து, இரண்டையும் சேர்த்து முன்னால் நீட்டினாள்.